எட்டும் தூரத்தில் இருந்தவை: ‘துரியா’ படகு உருண்ட நிகழ்வின் ஆய்வு

2018ஆம் ஆண்டு செப்டம்பர் 21. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து ஏறத்தாழ 1,900 கடல் மைல் தொலைவு. 32 அடி நீளமுள்ள ஒரு பாய்மரப் படகின் உள்ளே, படுக்கைப் பலகையில் ஒருவர் கிடக்கிறார். மேலே இரண்டு பாய்மரங்களும் முறிந்து, கம்பியும் கயிறும் பாயுமாகப் பின்னிக்கொண்டு படகின் பக்கவாட்டில் தொங்குகின்றன. எழுந்து நிற்கப் பார்த்தால் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கையருகே இருந்த சிறிய செயற்கைக்கோள் கருவியில் ஓரிரு வரி தட்டி அனுப்புகிறார்: படகு உருண்டுவிட்டது, பாய்மரம் போய்விட்டது, முதுகில் கடுமையான அடி, எழுந்திருக்க முடியவில்லை.

அவர் இந்தியக் கடற்படையின் கமாண்டர் அபிலாஷ் டோமி. படகின் பெயர் துரியா. ‘கோல்டன் குளோப் ரேஸ்’ என்ற தனிநபர் உலகச் சுற்றுப் பந்தயத்தில் பிரான்சின் லே சாப்ல்-டொலோன் துறைமுகத்திலிருந்து ஜூலை 1 அன்று கிளம்பி, எங்கும் நிற்காமல் ஓடி, மூன்றாம் இடத்தில் இருந்த நேரம் அது.

மூன்று நாள் கழித்து அவர் உயிருடன் மீட்கப்பட்டார். அப்போது வந்த செய்திகளில் பெரும்பாலானவை மீட்பைப் பற்றியவை: விமானங்கள், போர்க்கப்பல்கள், நாடுகள் கைகோத்த கதை. அவை நிஜம்தான், பெருமைப்பட வேண்டியவையும்கூட. ஆனால் பாய்ப்படகில் போகிறவர்களுக்கும், போக ஆசைப்படுகிறவர்களுக்கும் முக்கியமானது அந்த மூன்று நாள் படகின் உள்ளே நடந்தது என்பது என் எண்ணம். படகில் எத்தனை பாதுகாப்புக் கருவி இருந்தது என்பது அங்கே கணக்கில் வரவில்லை. படுத்த படுக்கையில் கையை நீட்டினால் எது எட்டியது என்பதுதான் கணக்கில் வந்தது. இந்த ஆய்வை அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

பந்தயமும் படகும்

முதல் கோல்டன் குளோப் பந்தயம் 1968இல் நடந்தது. ஒன்பது பேர் கிளம்பினார்கள். முடித்தவர் ஒருவரே: ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், 312 நாளில். நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர். அவருடைய ‘சுஹைலி’ நம் பம்பாயில் தேக்கில் கட்டப்பட்ட படகு என்பதை இங்கே பலர் அறிவதில்லை. உலகக் கடற்பயண வரலாற்றின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று மும்பைத் தச்சர்களின் கையால் உருவான படகில் நடந்தது.

அதன் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2018இல் பந்தயம் மறுபடி நடத்தப்பட்டபோது, அந்தக் காலத்து நிலைமையிலேயே ஓட்ட வேண்டும் என்று விதி வைத்தார்கள். 32 முதல் 36 அடிக்குள், 1988க்கு முன் வடிவமைக்கப்பட்ட, அடியில் நீளமான ஏராக்கட்டை ஓடும் படகுகள். வழி கண்டுபிடிக்க, சூரியன், விண்மீன்களின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியும் காகித வரைபடமும். சுக்கானைப் பிடிக்க மின்சார ஆட்டோபைலட் கிடையாது. காற்றின் விசையிலேயே சுக்கானைத் திருப்பும் தகடுதான். ஜிபிஎஸ் முத்திரையிட்ட பெட்டியில் இருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் உடைத்துக்கொள்ளலாம். கரையில் இருப்பவர்கள் படகின் இடத்தைப் பார்க்கவும், குறுஞ்செய்தி பரிமாறவும் ஒரு சிறு செயற்கைக்கோள் கருவி எல்லோருக்கும் தரப்பட்டது. அது போட்டிக்கு உதவும் பொருளல்ல, பாதுகாப்புக்கு மட்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அபிலாஷ் தேர்ந்தெடுத்தது சுஹைலியின் அதே வடிவத்தை. கோவாவில் ரத்னாகர் தண்டேகரின் அக்வேரியஸ் கப்பல் கட்டும் தளம் அதைக் கட்டிக் கொடுத்தது. அதே தளம் கட்டிய 56 அடி ‘மாதேய்’ படகில்தான் அபிலாஷ் 2012 நவம்பரில் மும்பையிலிருந்து கிளம்பி, 2013இல் அங்கேயே திரும்பி, நிற்காமல் தனியே உலகைச் சுற்றிய முதல் இந்தியர் ஆனார். ஆக, தெற்குப் பெருங்கடல் அவருக்குப் புதிது அல்ல. 56 அடியிலிருந்து 32 அடிக்கு இறங்கியதுதான் புதிது. நனவு, கனவு, உறக்கம் மூன்றையும் கடந்த நான்காம் நிலையைத் துரியம் என்பார்கள். படகுக்கு அந்தப் பெயரை வைத்தார்.

புயலில் நடந்தது

தெற்கே 40 பாகைக்குக் கீழே காற்றைத் தடுக்க நிலம் மிகக் குறைவு. மேற்கிலிருந்து வீசும் காற்று உலகை வளைத்து ஓடிக்கொண்டே இருக்கும். அலைக்கும் ஓய்வு கிடையாது. துரியா இருந்தது 39 பாகை சொச்சத்தில், அந்த வளையத்தின் விளிம்பில். 5, 6 நாட் வேகத்தில் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) போகும் படகு, அதைப்போல் பல மடங்கு வேகத்தில் வரும் தாழ்வழுத்த மண்டலத்திலிருந்து விலகி ஓட முடியாது. எச்சரிக்கை கிடைத்தாலும், செய்யக்கூடியதெல்லாம் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டுத் தாங்கிக்கொள்வதுதான்.

அன்று 70 நாட் காற்றும் 14 மீட்டர் அலையும் பதிவாயின. 70 நாட் என்றால் மணிக்கு 130 கிலோமீட்டர். 14 மீட்டர் என்றால் நாலு மாடிக் கட்டடம். ஆனால் உயரம் மட்டும் படகைக் கவிழ்ப்பதில்லை. 14 மீட்டர் உயர அலை சரிவாக, நீளமாக வந்தால் சின்னப் படகும் அதன் மேல் ஏறி இறங்கிவிடும். ஆபத்து, அலையின் தலை உடைந்து வெள்ளமாக விழும்போது. 1979இல் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தைப் புயல் தாக்கி 15 மாலுமிகள் இறந்தார்கள். அதற்குப் பின் மாதிரிப் படகுகளை அலைத் தொட்டியில் விட்டுச் சோதித்தார்கள். படகின் நீளத்தில் 30 விழுக்காடு உயரமுள்ள உடையும் அலை பக்கவாட்டில் அடித்தாலே சில வடிவங்கள் கவிழ்ந்தன. 60 விழுக்காட்டைத் தொட்டால் ஏறக்குறைய எந்த வடிவமும் நிற்கவில்லை. 32 அடிப் படகுக்கு இந்தக் கணக்கைப் போட்டால், முதல் எல்லை 3 மீட்டர், இரண்டாம் எல்லை 6 மீட்டர். 14 மீட்டர் அலைக்கூட்டத்தில் 6 மீட்டர் உடைப்பு ஒன்று, சரியாகப் பக்கவாட்டில் வந்து மோதினால் போதும். படகோட்டியின் திறமை, படகின் வலு எல்லாவற்றையும் தாண்டிய இடம் அது.

அதே புயலில் அயர்லாந்தின் கிரெகர் மெக்குக்கினின் படகும் உருண்டு பாய்மரங்களை இழந்தது. நெதர்லாந்தின் மார்க் ஸ்லாட்ஸின் படகு சாய்த்துத் தள்ளப்பட்டும் பாய்மரம் தப்பியது. மூவரும் தேர்ந்தவர்கள். ஒரே கடலில், ஒரே நாளில் மூன்று விதமான முடிவு.

துரியாவில் என்ன நடந்தது என்பதை அபிலாஷ் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் மேல்தளத்தில் இருந்தபோது படகு பக்கவாட்டில் படுத்துவிட்டது. படகு படுத்தால் பாய்மரமும் கடல்மட்டத்துக்குக் கிடையாக வந்துவிடும். அவர் பின்பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டார். அடியில் உள்ள கனம் வேலை செய்து படகு நிமிர்ந்தது. நிமிர்ந்தபோது, கையில் பிடித்திருந்த மரம் செங்குத்தாகிவிட்டது. அவர் அதன் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தார். கைப்பிடி நழுவியும் விழவில்லை, கைக்கடிகாரத்தின் வார் எதிலோ மாட்டியிருந்தது. வார் அறுந்தது. கீழே, பாயின் அடியில் கிடையாக நீளும் பருமலின் மீது முதுகு மோத விழுந்தார்.

அந்த வார் என் மனத்தை விட்டு அகலவில்லை. விழுவதற்கு முன் அவரைத் தாங்கிப் பிடித்திருந்த ஒரே பொருள் அது.

பாய்மரம் போன பிறகு

பாய்மரம் முறிந்தால் படகு ஓடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. அதை அனுபவித்தவர்களே அதிகம் சொல்வார்கள். பாய்மரம் இல்லாத படகு கண்டபடி ஆடும்.

கழைக்கூத்தாடியை நினைத்துப் பாருங்கள். கயிற்றின் மேல் நடக்கும்போது கையில் நீளமான கழி. கழியின் கனம் நடுவிலிருந்து தள்ளி இருப்பதால் உடல் சாய்ந்தாலும் மெதுவாகத்தான் சாயும். சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கும். கழியைப் பிடுங்கிவிட்டால் சாய்வு சட்டென்று வரும். படகுக்குப் பாய்மரம்தான் அந்தக் கழி. உயரத்தில் இருக்கும் அந்தக் கனம்தான் படகின் உருளலை நிதானப்படுத்துகிறது. அது போனதும், அடியில் ஏராக்கட்டையின் கனம் மட்டும் நிற்க, ஒவ்வோர் அலைக்கும் படகு வெடுக் வெடுக்கென்று திரும்பும். நலமாக இருப்பவரையே சுவரில் அடிக்கும். முதுகெலும்பு உடைந்தவருக்கு அது என்ன செய்திருக்கும் என்று எழுதவே கை தயங்குகிறது. இன்னொன்றும் இருக்கிறது: பாய்மரம் போன படகு அடுத்த உடையும் அலையில் முன்பைவிடச் சுலபமாக உருளும்.

போதாததற்கு, முறிந்த மரங்கள் போய்த் தொலையவில்லை. கம்பிகளில் மாட்டிக்கொண்டு படகோடு கிடந்தன. இந்த நிலையில் செய்ய வேண்டிய முதல் வேலை, பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு மேலே போய்க் கம்பிகளை நறுக்கி மரத்தைக் கடலில் விடுவது. இல்லையென்றால் அலுமினியக் குழாயின் முறிந்த முனை, ஒவ்வோர் அலையிலும் படகின் வயிற்றில் இடித்து ஓட்டை போடும். அபிலாஷால் எழ முடியவில்லை. ஆகவே கத்தரி படகில் இருந்தும் இல்லாததுபோல் ஆயிற்று. மூன்று நாளும் அந்த மரங்கள் துரியாவோடே ஆடிக்கொண்டிருந்தன. படகு பிளக்கவில்லை. கோவாவில் கட்டியவர்களின் கைவேலை அது. மேலே எல்லாம் போன பிறகும் ஓடு, அதாவது படகின் உடல், நீர் புகாமல் நின்றது. அது நின்றதால்தான் மற்ற எல்லாவற்றுக்கும் நேரம் கிடைத்தது.

கை நீட்டிய தூரம்

இனி நான் சொல்ல வந்த இடம்.

படகில் அவசரப் பை ஒன்று இருந்தது. கப்பலைக் கைவிட நேர்ந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காகக் கட்டி வைக்கும் பை. செயற்கைக்கோள் தொலைபேசி, கைரேடியோ, மற்ற உயிர்காக்கும் சாமான்கள் அதற்குள் இருக்கும். அந்தப் பையை எட்டுவது கடினம் என்று அவரே செய்தி அனுப்பினார். 32 அடிப் படகு. உள்ளறை அதைவிடச் சின்னது. பை சில அடி தூரத்தில்தான் இருந்திருக்க வேண்டும். நடக்க முடிந்தவருக்கு இரண்டு எட்டு.

எட்டியது எது? குறுஞ்செய்திக் கருவி எட்டியது. அதில்தான் உலகத்துக்குத் தகவல் போனது. கால் விரல்களை அசைக்க முடிகிறது, மரத்துப்போனதுபோல் இருக்கிறது என்று ஒரு செய்தி. அந்த ஒரு வரியைப் படித்த மருத்துவர் எவரும் பெருமூச்சு விட்டிருப்பார்; விரல் அசைகிறது என்றால் தண்டுவடம் முழுதாக அறுபடவில்லை. நடக்க முடியாது, தூக்குப் படுக்கை வேண்டும் என்று இன்னொரு செய்தி. மீட்கப் போகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் இருக்க முடியாது. கயிற்றேணி போட்டு ஏறி வாருங்கள் என்று சொல்லிக் காத்திருக்காமல், ஸ்ட்ரெச்சரோடு போக வேண்டும் என்பதை அவர்கள் முன்கூட்டியே அறிந்தார்கள். உடைந்த முதுகோடு கிடப்பவர், தன் நிலையைச் சுருக்கமாக, எதிர்முனையில் இருப்பவருக்கு எது தேவையோ அதை மட்டும் எழுதுகிறார். கடற்படைப் பயிற்சி அங்கே தெரிகிறது.

குடிக்க ஐஸ் டீ டின்கள் எட்டின. அதைக் குடித்தார், வாந்தியாக வந்தது. வாந்தி நிற்கவில்லை, நெஞ்சு எரிகிறது என்றும் எழுதினார். சாப்பிட ஒன்றும் முடியவில்லை. மாதக்கணக்குக்கான உணவும் தண்ணீரும் அதே படகில் இருந்தன.

இதைப் படித்த பிறகு, கொச்சியில் நின்ற ஒரு நண்பரின் 30 அடிப் படகுக்குப் போயிருந்தபோது ஒரு காரியம் செய்தேன். உள்ளே படுக்கைப் பலகையில் மல்லாந்து படுத்தேன். இடுப்பையும் காலையும் அசைக்கக் கூடாது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டி, எட்டுவதையெல்லாம் தொட்டுப் பார்த்தேன். ஒரு தலையணை, கண்ணாடிப் பெட்டி, விளக்கின் சுவிட்சு, ஒரு பழைய பத்திரிகை. தண்ணீர்ப் போத்தல் சமையல் மேடையில் இருந்தது. விஎச்எஃப் ரேடியோ வரைபட மேசைக்கு மேலே, என் கைவிரலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம். அபாயக் குறி அனுப்பும் கருவி படியருகே கொக்கியில். எல்லாம் முறையாக, சட்டப்படி, பார்க்க அழகாக வைக்கப்பட்டிருந்தது. எல்லாம் நின்றுகொண்டிருப்பவருக்காக வைக்கப்பட்டிருந்தது. நண்பரைக் கூப்பிட்டு அவரையும் படுக்கச் சொன்னேன். படுத்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய்ப் போத்தலை எடுத்து வந்து, கழுத்தில் சணல் கட்டி, படுக்கைத் தலைமாட்டில் மாட்டினார்.

நம் கடற்கரையில் கட்டுமரத்தில் போகிறவர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. அலை மேலேறிப் போகும் கலம் அது. கட்டாத பொருள் கடலுக்குப் போய்விடும். கஞ்சிப் பாத்திரமானாலும் தூண்டில் சுருளானாலும் மரத்தோடு சேர்த்துக் கட்டித்தான் கிளம்புவார்கள். படகுக்கு அறையும் கதவும் அலமாரியும் வந்ததும் அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போகிறது. வீடுபோல் தோன்றுவதால் வீடுபோலவே சாமானை வைக்கிறோம்.

படகிலேயே இருந்தது

அபிலாஷ் படகைவிட்டு இறங்கவில்லை. இறங்க முடியவில்லை என்பதும் உண்மை. ஆனால் நடக்க முடிந்திருந்தாலும் உயிர்காப்புத் தெப்பத்தில் ஏறியிருக்கக் கூடாது. அவர் அப்படிச் செய்திருக்கவும் மாட்டார் என்று நம்புகிறேன். ஃபாஸ்ட்நெட் 1979இன் கணக்கு இதைச் சொல்கிறது. 24 படகுகள் கைவிடப்பட்டன. அவற்றில் மூழ்கியவை 5 மட்டும். மற்றவை பிறகு மிதந்தபடியே கண்டெடுக்கப்பட்டன. ஓட்டை விழாத ஓடு, எந்தத் தெப்பத்தைவிடவும் பெரிய தெப்பம். வானத்திலிருந்து தேடுபவர் கண்ணுக்கும் அது பெரிதாகத் தெரியும்.

புயலில் எதைச் செய்திருக்க வேண்டும் என்ற வாதம் இன்னும் முடியவில்லை. பின்னால் நீளக் கயிறுகளையோ இழுவைப் பையையோ விட்டு வேகத்தைக் குறைத்து, அலைக்குப் பின்புறத்தைக் காட்டி ஓடுவது ஒரு கட்சி. கட்டிப்போட்டால் அலை வந்து அடிக்கும், விட்டு ஓடுவதே மேல் என்பது இன்னொரு கட்சி. 1968 பந்தயத்தில் ஓடிய பெர்னார் மொயித்தெசியே, அதற்கு முன் ஒரு தெற்குப் பயணத்தில், இழுத்துவந்த கயிறுகளை அறுத்துவிட்டு ஓடியவர். 2018 டிசம்பரில், இதே பந்தயத்தில், தென்னமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னுக்கு மேற்கே பிரிட்டனின் சூசி குடாலின் படகு தலைகுப்புறப் புரண்டு பாய்மரம் இழந்தது. அவர் இழுத்துவந்த இழுவைப் பையின் கயிறு அறுந்திருந்தது. கயிறு அறாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பார் என்றும் சொல்லலாம், கட்டியதை நம்பியதே தவறு என்றும் சொல்லலாம். என் அபிப்பிராயம், இரண்டு முறைக்கும் இடம் உண்டு. ஆனால் ஒரு முறை தோற்றால் அடுத்து என்ன என்பதற்கான ஏற்பாடு படகின் உள்ளே இருக்க வேண்டும்.

மீட்பு

துரியா கிடந்த இடம் கிழக்கு 78 பாகை. ஆஸ்திரேலியாவின் கடல்மீட்புப் பொறுப்பு எல்லை மேற்குப் பக்கத்தில் கிழக்கு 75 பாகை வரை நீள்கிறது; உலகப் பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அவர்கள் தலையில். ஆகவே கான்பெராவில் இருக்கும் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் பொறுப்பேற்றது. பிரான்சின் ரீயூனியன் தீவு, இந்தியக் கடற்படை, பந்தய அலுவலகம் எல்லாம் சேர்ந்தன. சரக்குக் கப்பல் பாதைகளிலிருந்து விலகிய இடம். அருகில் எதுவும் இல்லை.

மொரீஷியசிலிருந்து இந்தியக் கடற்படையின் பி-8ஐ என்ற கடல் கண்காணிப்பு விமானம் பறந்து வந்து துரியாவைக் கண்டுபிடித்தது. போக மட்டும் 1,500 கடல் மைலுக்கு மேல். படகின் தலைக்கு மேலே நிற்கக் கொஞ்ச நேரம், உடனே திரும்ப வேண்டும். அன்று அந்த விமானங்களின் இருப்பிடம் நம் அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளி தளம். மேலிருந்து எடுத்த படத்தில் வெள்ளைத் துரும்பாகத் துரியா, பக்கத்தில் பின்னிக் கிடக்கும் பாய்மரங்கள். படகு மிதக்கிறது என்பது அப்போதுதான் கண்ணால் உறுதியாயிற்று. ஆஸ்திரேலிய விமானமும் வந்தது. ஐஎன்எஸ் சத்புரா போர்க்கப்பல், ஆஸ்திரேலியக் கடற்படையின் பல்லாரட் ஆகியவை கிளம்பின. ஆனால் எல்லாருக்கும் முன்னால் வந்து சேர்ந்தது பிரான்சின் மீன்வளக் காவல் கப்பல் ‘ஒசிரிஸ்’. திருட்டு மீன்பிடிப்பைத் தடுக்கச் சுற்றும் கப்பல்.

செப்டம்பர் 24. ஒசிரிஸிலிருந்து ரப்பர் படகுகள் இறங்கி, துரியாவின் பக்கத்தில் போய், ஆட்கள் உள்ளே ஏறி, அபிலாஷை ஸ்ட்ரெச்சரில் கட்டி வெளியே எடுத்தார்கள். அலை அப்போது தணிந்திருந்தது. அவரை ஆம்ஸ்டர்டாம் தீவுக்குக் கொண்டுபோனார்கள். பிரான்சின் ஆய்வு நிலையம் உள்ள சிறு தீவு. மருத்துவரும் சின்ன மருத்துவமனையும் இருக்கும். துரியா உருண்ட இடத்திலிருந்து 100 கடல் மைல் அளவில் அப்படி ஒரு தீவு இருந்தது பெரிய கொடுப்பினை. இன்னும் ஆயிரம் மைல் கிழக்கே நடந்திருந்தால் சுற்றிலும் தண்ணீர்தான். பிறகு சத்புரா வந்து ஏற்றிக்கொண்டு அக்டோபர் 6 அன்று விசாகப்பட்டினம் சேர்த்தது. துரியா கடலிலேயே விடப்பட்டது.

மீட்பில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். கிரெகர் மெக்குக்கின். அவர் படகும் பாய்மரம் இழந்து கிடந்தது என்று சொன்னேன். உடலில் பெரிய அடி இல்லை. முறிந்ததை வெட்டிவிட்டு, மிஞ்சிய கம்பத்தில் தற்காலிகமாகப் பாய் ஒன்றைக் கட்டி, அபிலாஷ் இருந்த திசையில் கிளம்பினார். சில நாட் வேகம்கூட வராத பாய் அது. ஒசிரிஸ் முந்திக்கொண்டது, அபிலாஷை எடுத்த பிறகு அதே நாள் மெக்குக்கினையும் ஏற்றிக்கொண்டது. அவர் போய்ச் சேர்ந்திருந்தால் தனி ஆளாக, ஆடும் படகிலிருந்து ஆடும் படகுக்கு, முதுகு உடைந்தவரை மாற்றியிருக்க முடியாது. ஆனால் பக்கத்தில் நின்று ரேடியோவில் பேசியிருக்கலாம், தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கலாம். எட்டாத பையை எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

அதன் பிறகு

முதுகெலும்பில் டைட்டானியம் கம்பிகள் பொருத்தி அறுவை சிகிச்சை நடந்தது. அபிலாஷ் மறுபடி நடக்கப் பழகினார். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார். 2018 பந்தயத்தைக் கடைசிவரை முடித்தவர்கள் ஐந்து பேர். வென்றவர் 73 வயதான பிரெஞ்சுக்காரர் ழான்-லுக் வான் டென் ஹீட், 2019 ஜனவரி 29இல். அவர் படகும் கேப் ஹார்னுக்கு மேற்கே சாய்க்கப்பட்டுப் பாய்மரம் சேதமானது. தானே உயரே ஏறி இறுக்கிக் கட்டி ஓட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்த பந்தயம் 2022 செப்டம்பர் 4இல் அதே துறைமுகத்திலிருந்து கிளம்பியது. கிளம்பியவர்களில் அபிலாஷும் ஒருவர். இம்முறை ரஸ்ட்லர் 36 வகைப் படகு, பெயர் ‘பயானாத்’.

நவம்பர் 18. தென்னாப்பிரிக்காவுக்குத் தென்கிழக்கே, மறுபடி இந்தியப் பெருங்கடல். பின்லாந்தின் தபியோ லெஹ்தினனின் படகு ‘அஸ்தேரியா’வின் பின்புறத்தில் தண்ணீர் புகுந்தது. சத்தம் கேட்டு விழித்தபோது படுக்கையைச் சுற்றி நீர். சில நிமிடங்களில் படகு முழுதாக மூழ்கியது. அந்தச் சில நிமிடத்தில் அவர் கைக்கு எட்டியவை அபாயக் குறிக் கருவி, நீர்புகா உடை, உயிர்காப்புத் தெப்பம். அவை எட்டின, அவர் பிழைத்தார். துரியாவில் ஓடு நின்றது, உடல் போனது. இங்கே உடல் நின்றது, ஓடு போனது. இரண்டிலும் கையின் நீளம் ஒன்றுதான்.

தெப்பத்தில் தனியாக மிதந்தவரை நோக்கிப் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு படகுகள் திரும்பின. ஒன்று தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷாஃபருடையது. சுமார் 100 கடல் மைல் தள்ளி இருந்தவர், இரவு முழுக்கச் சுக்கானைக் கையிலேயே பிடித்து ஓட்டி மறுநாள் காலை போய்ச் சேர்ந்து, தபியோவைக் கயிறு போட்டுத் தன் படகுக்கு இழுத்துக்கொண்டார். சிறிது நேரத்தில் ‘தர்யா காயத்ரி’ என்ற சரக்குக் கப்பல் வந்து அவரை ஏற்றிச் சென்றது. கிர்ஸ்டன் பந்தயத்துக்குத் திரும்பி, 2023 ஏப்ரல் 27 அன்று முதலாவதாக வந்தார். தனியாக உலகைச் சுற்றும் பந்தயம் ஒன்றில் வென்ற முதல் பெண். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 29 அன்று, இரண்டாவதாக வந்தவர் அபிலாஷ் டோமி.

நவம்பரில் திரும்பிய மற்றொரு படகு பயானாத்.